சிக்னல் போனதா, கரண்ட் இறங்கியதா? மாதிரி விமானங்களின் மின் கோளாறுகள்: ஓர் எளிய விளக்கம்

ரேடியோ மூலம் இயக்கப்படும் மாதிரி விமானம் ஒன்று நடுவானில் திடீரென்று சொன்னபடி கேட்காமல் தலைகுப்புற விழுந்தால், சுற்றி நிற்பவர்களின் வாயிலிருந்து முதலில் வரும் சொற்கள் "சிக்னல் கட் ஆயிடுச்சு" என்பவைதான். அடுத்த வாரம் விமானத்தின் சொந்தக்காரர் புதிய ரிமோட் ஒன்றைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவார். பழுதோ பழைய விமானத்தின் வயிற்றுக்குள் அப்படியே இருக்கும். புதிய ரிமோட்டோடு சேர்ந்து அதுவும் மறுபடி பறக்கும், மறுபடி விழும். பல ஆண்டுகளாக ஃபோம் விமானங்களைக் கட்டியும் உடைத்தும் ஒட்டியும் வருபவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடக்கும் இத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியோ அலை காரணமாக இருப்பதில்லை. விமானத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கிப்போவதுதான் காரணமாக இருக்கிறது. அது எப்படி நடக்கிறது, எங்கே தேடுவது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

மாடித் தொட்டியும் மங்கும் விளக்கும்

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தோடு கீழே குழாயில் தண்ணீர் தள்ளும். அந்தத் தள்ளும் விசைக்கு இணையானது மின்சாரத்தில் மின்னழுத்தம். அதை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அதற்கு இணையானது மின்னோட்டம். அது ஆம்பியர் கணக்கு. குழாயின் உட்புறம் துருவேறிக் குறுகியிருந்தால் ஓட்டம் தடைப்படும் அல்லவா, அதற்கு இணையானது மின்தடை. அது ஓம் கணக்கு.

இங்கே ஒரு நுட்பத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். துருவேறிய குழாயின் முனையை மூடிவைத்துவிட்டு அழுத்தத்தை அளந்தால், அது புத்தம்புதிய குழாயில் இருப்பது போலவே முழு அளவில் இருக்கும். குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்ட பிறகுதான் அது நூலாக ஒழுகுவது தெரியவரும். ஓட்டம் இருக்கும்போது மட்டுமே தடை தன்னைக் காட்டிக்கொள்கிறது.

கிராமத்தில் கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கிப் பிறகு நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் புறப்படும் நேரத்தில் ஏராளமான மின்னோட்டத்தை இழுக்கிறது. அவ்வளவும் நீண்ட கம்பியின் வழியே வருவதால் வழியிலேயே பல வோல்ட் இழக்கப்படுகிறது. மிஞ்சியதுதான் விளக்குக்குக் கிடைக்கிறது. இழக்கப்படும் வோல்ட் எவ்வளவு என்பதற்குக் கணக்கு மிக எளிது: ஆம்பியரையும் ஓமையும் பெருக்கினால் போதும். விளக்கு மங்கினால் நமக்கு நட்டமில்லை. அந்த விளக்கின் இடத்தில் ஒரு சிறு கணினி இருந்து, அது அந்த ஒரு கணத்தில் அணைந்து மறுபடி தொடங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி.

இதுவரை பார்த்தது: அழுத்தம் வோல்ட், ஓட்டம் ஆம்பியர், தடை ஓம். சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும்; சுமை ஏறும்போதுதான் வோல்ட் இறங்கும்.

விமானத்துக்குள் மின்சாரம் போகும் வழி

கல்லூரி மாணவர்கள் முதன்முதலில் கட்டும் வகையான ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று செல் கொண்ட 2200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி இருக்கும். இதை எல்லோரும் லைப்போ என்றே சொல்கிறார்கள். ஒரு செல் முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட், சராசரியாக 3.7 வோல்ட். ஆகவே மூன்று செல்லுக்கு 12.6 வோல்ட்டும் 11.1 வோல்ட்டும் ஆகின்றன.

பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு, கறுப்புக் கம்பிகள் வேகக் கட்டுப்படுத்திக்குப் போகின்றன. ஈ.எஸ்.சி. என்று அழைக்கப்படும் இந்தப் பலகை, பேட்டரியின் மின்சாரத்தை மூன்று கம்பிகளில் மாற்றிமாற்றி அனுப்பி மோட்டாரைச் சுழற்றுகிறது. இதே பலகையில் பி.இ.சி. என்ற சிறு பகுதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரியின் 11 அல்லது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்குக் கொடுப்பது அதன் வேலை. ரிசீவர் என்பது தரையிலிருந்து வரும் கட்டளையைக் கேட்டு, சர்வோக்களுக்கும் ஈ.எஸ்.சி.க்கும் சொல்லும் கருவி. சர்வோ என்பது இறக்கையின் மடிப்புகளையும் வால் பகுதியையும் அசைக்கும் சிறு மோட்டார்ப் பெட்டி.

ஆக, பேட்டரியிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. மோட்டாருக்குப் போகும் பெரிய கிளையில் பல ஆம்பியர் ஓடும். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் போகும் 5 வோல்ட் கிளையில் ஓரிரு ஆம்பியர் மட்டுமே ஓடும். கோளாறு எந்தக் கிளையில் என்று பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மோட்டார் மட்டும் நின்று, சர்வோக்கள் வழக்கம்போல் அசைந்தால் பழுது பெரிய கிளையில் இருக்கிறது. எல்லாமே ஒருசேரச் செத்து ஓரிரு நொடியில் உயிர்பெற்றால், 5 வோல்ட் கிளையையோ, இரண்டுக்கும் பொதுவான பேட்டரி இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரி: தரையில் பார்க்கும் எண்

"பேட்டரியில் இன்னும் செல்லுக்கு 3.7 வோல்ட் இருக்கிறது, ஆனாலும் மோட்டார் நின்றுவிட்டது, ஈ.எஸ்.சி. பழுது" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த எண்ணை அவர்கள் விமானம் இறங்கிய பிறகு, சுமையே இல்லாதபோது அளந்திருப்பார்கள். மூடிய குழாயில் அழுத்தம் பார்ப்பதற்கு இது சமம்.

பேட்டரிக்குள்ளேயே ஒரு மின்தடை இருக்கிறது. இதற்கு உள்மின்தடை என்று பெயர். புதிய பேட்டரியில் ஒரு செல்லுக்கு 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம், மூன்றுக்கும் சேர்த்து 30. மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.45 வோல்ட், பெரிதாகத் தெரியாது. அதே பேட்டரி வயதாகி, முழுதாக ஏற்றியபடியே வாரக்கணக்கில் வெயில்படும் அலமாரியில் கிடந்து, செல்லுக்கு 40 மில்லி ஓம் ஆகிவிட்டது என்றால், இழப்பு 1.8 வோல்ட். நிற்கும்போது 11.1 காட்டிய பேட்டரி பறக்கும்போது 9.3 ஆகிறது, அதாவது செல்லுக்கு 3.1 வோல்ட். பேட்டரி கெட்டுப்போகாமல் காப்பதற்காக ஈ.எஸ்.சி. ஏறத்தாழ இந்த அளவில் மோட்டாரை நிறுத்திவிடும். அந்த ஏற்பாட்டுக்குக் கட்-ஆஃப் என்று பெயர். மோட்டார் நின்றதும் சுமை நீங்குகிறது, வோல்ட் மறுபடி ஏறிக்கொள்கிறது, தரையில் அளந்தால் 3.7 என்று காட்டுகிறது. ஈ.எஸ்.சி. இங்கே தன் கடமையைத்தான் செய்திருக்கிறது.

ஆகவே பேட்டரியைச் சுமையோடு அளக்க வேண்டும். செல் ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டும் சிறு மீட்டரைப் பேட்டரியின் வெள்ளை நிறச் சமன்செய் முனையில் மாட்டி, விமானத்தைக் கெட்டியாகக் கட்டிவைத்து, முழு வேகம் கொடுத்துப் பத்து நொடி பார்த்தால் போதும். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் ப்ரொப்பல்லர் மாட்டியிருக்க வேண்டும் என்பதால், அதன் பின்னால் நிற்க வேண்டும். சுழலும் தளத்துக்கு நேராக எவரும் இருக்கக் கூடாது. இரண்டு செல் 3.6இல் நிற்க, ஒன்று மட்டும் 3.2க்கு இறங்கினால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. உப்பியிருக்கும் லைப்போவை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

இரண்டு நொடி மயக்கம்

இப்போது 5 வோல்ட் கிளைக்கு வருவோம். மிக அதிகமான விபத்துகள் பிறக்கும் இடம் இது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு முந்தைய காலத்து ரிசீவர்களில் பல எளிய சுற்றுகளாக இருந்தன. வோல்ட் ஒரு கணம் இறங்கினால் சர்வோ ஒருமுறை துடிக்கும், அவ்வளவுதான். இன்றைய ரிசீவருக்குள் ஒரு சிறு கணினி ஓடுகிறது. பல ரிசீவர்களில் 3.5 வோல்ட் அளவுக்குக் கீழே போனால் அது அணைந்துவிடும். வோல்ட் திரும்பியதும் மறுபடி தொடங்கி, தன் டிரான்ஸ்மிட்டரை (நம் கையில் உள்ள ரிமோட்டை)த் தேடிப் பிடித்து, பிறகுதான் கட்டளை கேட்கும். மின்சாரம் முழுவதும் அறுந்துபோகாமல், இறங்கியதால் மட்டுமே ஏற்படும் இந்த மயக்கத்துக்கு பிரவுன்அவுட் என்று பெயர். மறுபடி இணைய இரண்டு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 30 மீட்டர் கடந்திருக்கும். இருபது மீட்டர் உயரத்தில் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்போது இது நேர்ந்தால் மீட்க வழியில்லை. கீழே நிற்பவருக்கு இது அச்சு அசலாகச் சிக்னல் போனது போலவே தோன்றும்.

வோல்ட் ஏன் இறங்குகிறது? சர்வோக்கள் பசி மிகுந்தவை. சும்மா இருக்கும் ஒரு 9 கிராம் சர்வோ சில மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். காற்றின் விசையை எதிர்த்துத் தள்ளும்போதோ, முட்டி நின்றுவிடும்போதோ அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு சர்வோவும் ஒரே கணத்தில் தள்ளினால் இரண்டு ஆம்பியரைத் தாண்டும். விலை குறைந்த ஈ.எஸ்.சி.களில் உள்ள பி.இ.சி. பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் தாங்கும்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. பி.இ.சி.யில் இரண்டு வகை உண்டு. லீனியர் வகை, மிஞ்சிய வோல்ட்டை வெப்பமாக எரித்துத் தள்ளுகிறது. சுவிட்சிங் வகை, மின்சாரத்தை மிக வேகமாக நறுக்கிநறுக்கி அனுப்பிக் குறைந்த வீணோடு வேலையை முடிக்கிறது. லீனியர் வகையில் 11.1 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும்போது 6.1 வோல்ட் வீணாகிறது. சர்வோக்கள் சராசரியாக 1.5 ஆம்பியர் இழுத்தால் அந்தப் பொட்டுச் சில்லில் 9 வாட் வெப்பம் பிறக்கிறது. காற்றோட்டம் இல்லாத ஃபோம் வயிற்றுக்குள், மே மாத வெயிலில், அது சில நிமிடங்களில் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக நின்றுவிடும். தரையில் ஒரு நிமிடம் சோதித்தபோது ஒழுங்காக இருந்த விமானம் ஐந்தாவது நிமிடம் வானத்தில் மயங்குவதன் பின்னணி பல நேரம் இதுதான். நான்கு சர்வோவுக்கு மேல் இருந்தால், 3 ஆம்பியராவது தாங்கும் தனி சுவிட்சிங் பி.இ.சி. ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதே என் கட்சி. அப்படி மாட்டும்போது ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மெல்லிய மூன்று கம்பிகளில் நடுவில் உள்ள சிவப்பை மட்டும் முனையிலிருந்து உருவி, டேப் சுற்றி ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பி.இ.சி.க்களும் ஒன்றோடொன்று மோதும்.

ரிசீவரில் ஒரு பெரிய மின்தேக்கியைச் செருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 5 ஆம்பியர் கொடுத்துக்கொண்டே ஒரு வோல்ட் இறங்குவதற்கு ஒரு மில்லி நொடிதான் ஆகும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத் துள்ளலை அது தாங்கும். சூடேறி நின்றுபோன பி.இ.சி.யை அதனால் ஈடுகட்ட முடியாது.

சர்வோ ஏன் தேவைக்கு மேல் இழுக்கிறது என்பதையும் காதால் கண்டுபிடிக்கலாம். பேட்டரியை மாட்டிவிட்டு, ரிமோட்டின் ஸ்டிக் எதையும் தொடாமல், விமானத்தின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். நல்ல சர்வோ ஓசையின்றி இருக்கும். ஓயாமல் 'ங்ஙீ' என்று ரீங்கரிக்கும் சர்வோ எதையோ எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது: கீல் இறுக்கமாக இருக்கலாம், தள்ளுகம்பி வளைந்திருக்கலாம், மடிப்பு முழு அளவுக்குப் போவதற்குள் எங்கோ முட்டலாம். தள்ளுகம்பியைக் கழற்றியதும் ஓசை நின்றால் பழுது சர்வோவில் இல்லை, அதன் வழியில் இருக்கிறது.

சுருக்கமாக: ரிசீவர் ஒரு சிறு கணினி, வோல்ட் இறங்கினால் அது மயங்கி எழும். சர்வோக்கள் அதிகம் இழுப்பதும் பி.இ.சி. சூடேறுவதும் அந்த இறக்கத்தின் முக்கியக் காரணங்கள்.

லூஸ் கான்டாக்ட்

என்னுடைய உயர்இறக்கை விமானம் ஒன்று மூன்று வாரம் என்னைப் படுத்தியது. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் எப்போதாவது ஒரு கணம் எல்லாம் செத்து உயிர்பெறும். பேட்டரியை மாற்றினேன், ரிசீவரை மாற்றினேன், பயனில்லை. இடையில் மின்சாரம் போய் வந்திருந்தால் சிமிட்டிக் காட்டும் விளக்கு சில ரிசீவர்களில் உண்டு. மாற்றிய ரிசீவரில் அது இருந்தது, ஒருநாள் இறங்கியதும் பார்த்தேன், சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் அந்தச் சிறு கறுப்பு முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று துளைகளில் நடுத் துளையின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு மற்ற இரண்டைவிட விரிந்து பின்வாங்கியிருந்தது. அதன் விளிம்பில் மிளகுத் தூள் ஒட்டியது போல ஒரு கறுப்பு. பலமுறை கழற்றி மாட்டியதில் அந்த நாக்கு பிடிமானத்தை இழந்திருந்தது. திரும்பும்போது முனை ஓர் இழை விலக, 5 வோல்ட் அறுந்திருக்கிறது. முனையை வெட்டிவிட்டுப் புதியது வைத்த பிறகு அந்தக் கோளாறு திரும்பவே இல்லை.

பெரிய கிளையில் இதே பழுது வெப்பமாக வெளிப்படும். பேட்டரி இணைப்பியில் ஈயப் பற்று சரியாக உருகிப் படியாமல் 0.02 ஓம் தடை இருக்கிறது என்போம். 30 ஆம்பியர் ஓடினால் அங்கே 0.6 வோல்ட் போகிறது, 18 வாட் வெப்பம் பிறக்கிறது. நாம் கடையில் வாங்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். ஆகவே இறங்கியவுடன் பேட்டரி முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் அதைக் கழற்றி மறுபடி ஈயம் வைக்க வேண்டும். நல்ல பற்று பளபளவென்று கம்பியோடு வழுக்கிப் படிந்திருக்கும். கெட்ட பற்று சாம்பல் நிறத்தில் உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும்.

மோட்டார் பக்கம்

மோட்டார் தவறான திசையில் சுழன்றால் பழுது ஒன்றுமில்லை. மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். சுழலாமல் நடுங்கினால் மூன்றில் ஒன்று அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த நிலையில் மறுபடி மறுபடி த்ராட்டில் (மோட்டாரின் வேகக் கட்டளை) கொடுத்துப் பார்த்தால் ஈ.எஸ்.சி. எரிந்துபோகும். பீப் ஓசை நிற்காமல் வந்து மோட்டார் புறப்படவே மறுத்தால், பல நேரங்களில் த்ராட்டில் ஸ்டிக் அடிமட்டத்தில் இல்லை என்பதுதான் செய்தி.

ஈ.எஸ்.சி. அடிக்கடி சூடேறி நின்றால் ப்ரொப்பல்லரைப் பாருங்கள். இதழ்களின் ஒரே சாய்வில், ஒரே சுழற்சி வேகத்தில், 10 அங்குல விட்டத்துக்குப் பதில் 11 அங்குலம் போட்டால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ஓர் அங்குலம்தானே என்று மாற்றுபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

உண்மையிலேயே சிக்னல்தான் என்றால்

அப்படியும் நடப்பதுண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ரிசீவர் ஆன்டெனாவின் முனையில் உறை நீக்கிய 31 மில்லிமீட்டர் அளவுள்ள பகுதிதான் அலையைப் பிடிக்கிறது. அது மடங்கியிருந்தாலோ, அறுந்திருந்தாலோ, பேட்டரிக்கும் கார்பன் ஃபைபர் குழாய்க்கும் பின்னால் ஒளிந்திருந்தாலோ தொடர்பு கெடும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் உள்ள தூரச் சோதனை முறையில், கையேடு சொல்லும் தூரத்துக்கு நடந்து சென்று எல்லா மடிப்புகளும் தடையின்றி அசைகின்றனவா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

தேடும் வரிசை

முதல் வேலை ப்ரொப்பல்லரைக் கழற்றுவது. இதில் விதிவிலக்கு, முன்னே சொன்ன பேட்டரிச் சுமைச் சோதனை ஒன்றுதான். மேசை மேல் இருக்கும் விமானத்தில் மோட்டார் எதிர்பாராமல் சுழன்று விரல்களை வெட்டிய காயங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ரிசீவரின் காலியான ஒரு துளைவரிசையில் நடு முனைக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, இரண்டு ஸ்டிக்குகளையும் வேகமாகச் சுழற்றும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லுங்கள்; உதவிக்கு இன்னொருவர் மடிப்புகளை விரலால் மென்மையாகத் தடுக்கட்டும். 5 வோல்ட் பி.இ.சி. 4.7க்குக் கீழே இறங்கினால் அந்த விமானத்தை நான் பறக்கவிட மாட்டேன். மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், மிகச் சிறிய இறக்கங்கள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்; ஆகவே திரையில் 4.7 தெரிகிறது என்றால் உண்மை அதைவிட மோசமாக இருக்கலாம். மிகக் குறைந்த வோல்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிறகு ஒவ்வொரு முனையையும் கம்பியையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். எதை ஆட்டும்போது சர்வோ துடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒரே ஒரு சர்வோ மட்டும் நடுங்கினால் அதன் முனையைப் பக்கத்துச் சேனலுக்கு, அதாவது ரிசீவரின் அடுத்த துளைவரிசைக்கு, மாற்றுங்கள். நடுக்கம் சர்வோவோடு போனால் சர்வோவோ அதன் கம்பியோ பழுது. பழைய சேனலிலேயே தங்கினால் ரிசீவரில் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பேட்டரியையும் ரிசீவரையும் சேர்த்து மாற்றிவிட்டால், கோளாறு போனாலும் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

கடைசியாக ஃபெயில்சேஃப். தொடர்பு அறுந்தால் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஏற்பாடு அது. ப்ரொப்பல்லர் இல்லாமலேயே மோட்டாரை அரை வேகத்தில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். அது ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலை அடிமட்டத்தில் வைத்து ரிசீவரை மறுபடி டிரான்ஸ்மிட்டரோடு இணைத்து, கையேட்டின்படி ஃபெயில்சேஃபைப் பதிந்து, இதே சோதனையை இன்னொரு முறை செய்த பிறகு ப்ரொப்பல்லரை மாட்டுங்கள்.